நிறமூர்த்த எண்ணும் மனித மதிப்பும்

1

1956ஆம் ஆண்டுக்கு முன்னர் அச்சேறிய உயிரியற் பாடநூல்களைப் புரட்டிப் பார்ப்போர், மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன என்னும் கூற்றைக் காண்பர். குரோமோசோம் எனப் பரவலாக அறியப்படும் இந்நுண்ணிழைகளை அமெரிக்க ஆய்வாளர் தியோபிலஸ் பெயின்ரர் எண்ணி 1923இல் வெளியிட்ட தொகை அது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொகையே நிலைபெற்றிருந்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் நுணுக்குக்காட்டியிற் கண்டதை எண்ணாது, நூலில் எண்ணப்பட்டதையே கண்டனர். யாவாவிற் பிறந்தவரான ஜோ ஹின் சியோ, சுவீடனின் லுண்ட் நகரிலே அல்பேட் லெவானின் ஆய்வுகூடத்தில் 1955 டிசெம்பரில் நிகழ்த்திய ஆய்வினாலேயே சரியான தொகை 46 என்பது தெளிவாயிற்று. இருவரும் அதனை 1956இல் வெளியிட்டனர்.

எண்ணிக்கை போன்ற எளிய செயலிலேகூட, எதிர்பார்ப்பு கண்ணை மறைக்க வல்லது என்பதை இச்சிறு வரலாறு உணர்த்துகின்றது. எனினும் பிழையான எண் ஒருவாறு திருத்தப்பட்டுவிட்டது. எண்ணின் மேல் மனிதர் ஏற்றிவைத்த தீர்ப்புகள் அவ்வளவு எளிதில் திருத்தம் பெறவில்லை. 46 என்ற தொகை உறுதியாகி மூன்று ஆண்டுகள் செல்லுமுன்னரே, 47 உடையோரும் 45 உடையோரும் இனங்காணப்பட்டனர். அவர்களைப் பற்றி விஞ்ஞானம் கூறியது ஒன்று. விஞ்ஞானத்தின் பெயரால் சமூகம் கூறிக்கொண்டது பிறிதொன்று. கலத்திலுள்ள எண் உடலின் ஒரு நிலையை விளக்கும். அவ்வுடலுக்குரிய மனிதரின் மதிப்பை விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறந்த வைத்தியரும், பத்திரிகையாளரும், அரசுகளும் செய்த கொடுமைகள் பல. அதே வேறுபாட்டை அறியாத குடும்பங்களும் அயலாரும் இன்றும் செய்துவரும் கொடுமைகள் அவற்றினும் அமைதியானவை; ஆயினும் சிறியவை அல்ல.

2

முதற்கண் உண்மை நிலையை நோக்குதல் தகும். மனிதனின் உடற்கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. முட்டையும் விந்தும் உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது ஒவ்வொரு சோடியும் பிரிந்து, ஒவ்வொரு புணரிக்கும் சோடியில் ஒன்றே சென்று சேர்தல் இயல்பு. சிற்சில வேளைகளில் ஒரு சோடி பிரியாது ஒருங்கே ஒரு பக்கம் சென்றுவிடும். அத்தகைய புணரி மற்றொன்றுடன் சேர்ந்து தோன்றும் நுகத்தில் 47 அல்லது 45 நிறமூர்த்தங்கள் அமைகின்றன. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே டவுண் சின்ட்ரோம் எனப்படும் நிலைக்குக் காரணம் ஆகும். இதனைப் பாரிசு நகர ஆய்வாளர்களான லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் 1959 சனவரியில் வெளியிட்டனர். கலங்களை வளர்த்து எண்ணத்தக்க நிலைக்குக் கொணர்ந்த மார்த் கோத்தியே என்னும் பெண் வைத்தியரின் பெயர், அக்கட்டுரையிலே பிழையாக அச்சிடப்பட்டது என்பதும், புகழ் நெடுங்காலம் லெஜூனுக்கே சென்றது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கன.

அதே 1959இல், ஒரேயொரு எக்ஸ் நிறமூர்த்தத்துடன் பிறக்கும் பெண்களின் ரேணர் நிலையும், இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களும் ஒரு வை நிறமூர்த்தமும் உடைய ஆண்களின் கிளைன்பெல்ரர் நிலையும் எண்வழி விளக்கம் பெற்றன. 1960இல் 18ஆம் நிறமூர்த்தம் மூன்றாக அமையும் எட்வேட்ஸ் நிலையும், 13ஆம் நிறமூர்த்தம் மூன்றாக அமையும் பட்டாவு நிலையும் அறியப்பட்டன. இவ்விறுதி இரண்டிலும் பிறக்கும் சிசுக்களிற் பெரும்பாலானவை முதலாண்டைக் கடப்பதில்லை. ரேணர் நிலையிலுள்ள பெண்ணோ உயரத்திற் குறைந்தும் பெரும்பாலும் மகப்பேறின்றியும் இருப்பினும், அறிவாற்றலில் பொதுவாக ஏனையோரை ஒத்தவள். கிளைன்பெல்ரர் நிலையிலுள்ள ஆண்களிற் பலர் தமது நிலையை வாழ்நாள் முழுவதும் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். ஆகவே "நிறமூர்த்தக் கோளாறு" என்ற ஒரே சொல்லின் கீழ், சில நாள் வாழும் சிசுவும் எவ்வித வேறுபாடும் வெளித்தோன்றாத முதியவரும் ஒருங்கே அடங்குகின்றனர். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சுவோர் எதனை அஞ்சுகின்றனர் என்பதைத் தாமே அறியார்.

மேலும் இஃது அரிதான நிகழ்வு அன்று. கருவுற்ற முதன் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ அரைப்பங்கு நிறமூர்த்தப் பிழைகளால் ஏற்படுவது. டவுண் நிலை ஏறத்தாழ 700 முதல் 800 வரையான பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படுகின்றது. எல்லா இனத்தாரிடையிலும், எல்லா வகுப்பாரிடையிலும் அது தோன்றும்.

எண்ணையே தெய்வமாகக் கொள்வோர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டவுண் நிலையுடையோரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் அல்லது நால்வரிடம் மேலதிகமான 21ஆம் நிறமூர்த்தப் பகுதி வேறொரு நிறமூர்த்தத்துடன் ஒட்டி நிற்கின்றது. 1960இல் வெளிப்பட்ட இவ்வகையில், பிள்ளையின் நிறமூர்த்தங்களை எண்ணினால் 46 என்றே வரும். அவ்வொட்டை உடல்நலக் குறையின்றித் தாங்கிநிற்கும் தாய்க்கோ தந்தைக்கோ எண்ணினால் 45 என்று வரும். 46 உடைய பிள்ளை டவுண் நிலையது. 45 உடைய பெற்றோர் குறைவற்றவர். எண் மாத்திரம் கண்டு எவரையும் வகுத்துவிட இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3

பழிகூறல் என்பது அறியாமையின் முதற் பிள்ளை. தமிழ்ச் சமூகத்தில் இத்தகைய பிள்ளையொன்று பிறந்தால் முதலிற் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் தாயே. கிரகண வேளையில் வெளியிற் சென்றாள், உண்ணத் தகாததை உண்டாள், முற்பிறப்பில் தீவினை செய்தாள் என்று அவள் மீது சுமத்தப்படும் குற்றங்கள் பல. இவற்றுள் ஒன்றுக்கேனும் அடிப்படை இல்லை. மிகப் பெரும்பாலான நிகழ்வுகளில், நிறமூர்த்தம் பிரியாமை கருவுறுதலுக்கு முன்னரே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. கருவுற்ற பின் தாய் செய்த எதுவும் அதனை ஆக்கியிருக்கவும் முடியாது, தடுத்திருக்கவும் முடியாது.

தாயின் வயதுடன் இந்நிகழ்வு கூடிச் செல்கின்றது என்பது உண்மையே. பிரித்தானிய ஆய்வாளர் லயனல் பென்றோஸ் தந்தையின் வயதையும் தாயின் வயதையும் பிரித்து ஆராய்ந்து 1933இல் இதனை நிறுவினார். 20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1500 பிறப்புகளுக்கு ஒன்றாகவும், 35 வயதில் 350க்கு ஒன்றாகவும், 40 வயதில் 100க்கு ஒன்றாகவும் டவுண் நிலை காணப்படும். இதன் காரணம் பெண்ணுடலின் அமைப்பிலேயே உள்ளது. ஒரு பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. பின்னர் இடைநடுவில் நின்று, பல ஆண்டுகள் காத்திருந்து, முட்டை முதிரும் வேளையிலேயே அப்பிரிவைத் தொடர்கின்றன. நெடுங்காலம் காத்திருக்கும் ஓர் உயிர்க்கலத்தின் தளர்ச்சியை ஒழுக்கக் குற்றமாக்குதல் எவ்வகையில் நியாயம்? இளந்தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றன. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிகழ்வுகளில் மேலதிக நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து வருவதும் உண்டு. ஆயினும் தந்தையின் தோஷம் எவராலும் பேசப்படுவதில்லை.

தாயைப் பழித்தல் அவளோடு முடிவதில்லை. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் மூத்தவளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று அஞ்சி, விருந்தினர் வரும்போது அப்பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பும் வீடுகள் உள்ளன. இங்கு அஞ்சப்படுவது இல்லாத ஒன்று. டவுண் நிலையுடையோரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் நிலை பரம்பரையாகக் கடத்தப்படுவது அன்று. அவ்வாறான பிள்ளையின் சகோதரிக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, ஏனைய பெண்களின் பிள்ளைகளுக்கு உள்ளதினும் குறிப்பிடத்தக்க அளவு கூடிய சாத்தியம் இல்லை. முன்னர் கூறப்பட்ட ஒட்டுவகையே குடும்பத்தில் தொடரக்கூடியது. அதுவும் இரத்தப் பரிசோதனையினால் அறியத்தக்கது. அறிந்துகொள்வதற்கு ஒரு பரிசோதனை இருக்க, அறியாமையைக் காப்பதற்கு ஒரு பிள்ளையை அறைக்குள் அடைக்கின்றது சமூகம்.

4

இவ்வறியாமையைக் கீழைத்தேயத்தின் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட்டு, மேலைத்தேயம் விஞ்ஞான ஒளியில் நடந்தது என எண்ணுவோரும் உளர். வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை.

ஜோன் லாங்டன் டவுண் இங்கிலாந்தின் ஏள்ஸ்வூட் காப்பகத்தின் பொறுப்பாளராக இருந்தவர். அங்கிருந்தோரின் முகத்தோற்றத்தைக் கொண்டு அவர்களை இனவாரியாக வகுத்து 1866இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எத்தியோப்பியர், மலாயர், அமெரிக்கப் பழங்குடியினர், மொங்கோலியர் என ஐரோப்பியரல்லாத இனங்களின் பெயர்களை அவர் ஐரோப்பியப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இட்டார். பெற்றோரின் சயரோகமே இதற்குக் காரணம் எனவும் கருதினார். அவருக்கு நீதி செய்யும் முகமாக ஒன்று கூறல் வேண்டும். ஓரினத்தாரிடையே மற்றோர் இனத்தின் தோற்றம் அமையக்கூடுமாயின் மனித இனங்கள் தனித்தனி உயிர்வகைகள் ஆகா என்பதே அவரது முடிவு. அடிமைத்தனத்தை நியாயப்படுத்தியவர்கள் இனங்களை வெவ்வேறு உயிர்வகைகளாகக் காட்ட முயன்ற காலத்தில் அம்முடிவு முற்போக்கானதே. ஆயினும் அவர் நோக்கம் மறக்கப்பட்டு, அவர் இட்ட பெயரே எஞ்சிற்று. "மொங்கோலியம்" என்ற அச்சொல்லில் ஒரு பிள்ளைக்கும் ஒரு தேசத்துக்கும் ஒரே வேளையில் இழிவு சேர்ந்தது. 1924இல் பிரான்சிஸ் குறூக்ஷாங் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதிய நூல், அப்பிள்ளைகளையும் மொங்கோலிய இனத்தாரையும் ஒராங்குட்டான் குரங்குடன் உறவுபடுத்தும் அளவுக்குச் சென்றது.

பெயரில் என்ன இருக்கின்றது என வினவுவோருக்கு ஜேர்மனியின் வரலாறு விடை கூறும். நாற்சி அரசு 1933 யூலையிலே பரம்பரைக் குறைபாடுடையோராகக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாய மலடாக்கலை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1939 ஓகஸ்ற் 18ஆம் திகதிய சுற்றுநிருபம் ஒன்று, குறிப்பிட்ட குறைகளுடன் பிறந்த சிசுக்களைப் பற்றி வைத்தியர்களும் மருத்துவிச்சிகளும் அறிக்கையிட வேண்டும் எனக் கட்டளையிட்டது. அப்பட்டியலில் "மொங்கோலியம்" என்ற சொல்லும் இடம்பெற்றது. அறிக்கையிடப்பட்ட பிள்ளைகளுட் குறைந்தது ஐயாயிரவர் அத்திட்டத்தின் கீழ்க் கொல்லப்பட்டனர். அதனுடன் தொடங்கிய மற்றைய திட்டத்தின் கீழ் 1941 ஓகஸ்ற்றுக்கு முன் ஏறத்தாழ 70,000 நோயாளர் நச்சுவாயுவுக்கு இரையாயினர். ஒரு காப்பகத்தின் குறிப்பேட்டில் வகைப்பாட்டுச் சொல்லாகத் தொடங்கியது, எழுபது ஆண்டுகளுக்குச் சற்றுப் பின்னர் கொலைப்பட்டியலின் தலைப்பாயிற்று. அன்று 21ஆம் நிறமூர்த்தத்தைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. காரணம் அறியப்படுமுன்னரே தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது.

1961இல் பிறப்புரிமையியல் ஆய்வாளர் குழுவொன்று லான்செற் சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லைக் கைவிடுமாறு கோரியது. மொங்கோலிய மக்கள் குடியரசின் பிரதிநிதிகள் வேண்டிக்கொண்டதை அடுத்து, உலக சுகாதார நிறுவனம் 1965இல் அதனைக் கைவிட்டது. ஒரு நூற்றாண்டுக்காலம் வழங்கிய சொல்லை அகற்ற ஒரு தேசமே முறையிட வேண்டியிருந்தது. அச்சொல்லைத் தாங்கிய பிள்ளைகளுக்காக முறையிட எந்தத் தேசமும் இருக்கவில்லை.

தமிழ் பயில்வோர் இதனை வேற்றார் குற்றமாக மட்டும் கண்டு மகிழ்தல் ஆகாது. சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் செய்யுள், குறையுடைய பிறப்புகள் எட்டினை நிரல்படுத்தி, அவற்றால் யாதொரு பயனும் இல்லை என முன்னறிந்தோர் கூறினர் என்கின்றது. அறிவு மயங்கிய நிலையும் அந்நிரலில் அடங்குகின்றது. அறம் பொருள் இன்பங்களை ஆற்றுமாறு அரசனை ஊக்குவிப்பதே புலவரின் நோக்கம். குறையுடையோரை வைவது அன்று. எனினும் வகுத்தலும் விலைகுறித்தலும் ஒரே மூச்சில் நிகழ்வதை அங்கும் காணலாம். ஏள்ஸ்வூட்டின் வைத்தியருக்கும் உறையூரின் புலவருக்கும் இடையே காலத்தாலும் தேசத்தாலும் உள்ள தொலைவு பெரிது. வகுக்கப்பட்டவர் வாய் திறவாதவர் என்பதில் இருவரும் ஒரே நிலையினர். பழைய இலக்கியத்தைப் போற்றுவோர் அதன் சொல்வளத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அதன் தீர்ப்புகள் அனைத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

5

பழங்காலத்தவர் அறியாது செய்தனர், நிறமூர்த்தங்களை எண்ணக் கற்ற பின் அவ்வாறு நிகழவில்லை என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதத்தை மறுப்பது எக்ஸ்-வை-வை ஆண்களின் கதை.

ஆண்களுக்கு இயல்பாக ஓர் எக்ஸும் ஒரு வையும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு மேலதிகமாக ஒரு வை அமைகின்றது. இந்நிலை முதன்முதலில் 1961இல் அமெரிக்காவில் இயல்பான ஓர் ஆணிடமே காணப்பட்டது. 1965இல் பற்றீசியா ஜேக்கப்ஸும் உடனாய்வாளரும் ஸ்கொட்லாந்தின் காஸ்ரெயர்ஸ் பாதுகாப்பு வைத்தியசாலையில் 197 பேரைப் பரிசோதித்து, அவர்களுள் எழுவர் இந்நிலையினர் எனக் கண்டனர். நேச்சர் சஞ்சிகையில் வெளியான அக்கட்டுரையின் தலைப்பிலேயே வன்செயல் நடத்தையும் அறிவுக்குறைவும் எக்ஸ்-வை-வை ஆணுடன் சேர்த்துப் பேசப்பட்டன. தடுத்துவைக்கப்பட்டோரிடையே தேடிக் கண்டவர்களைக் கொண்டு, வெளியில் வாழ்வோர் அனைவருக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. சிறையில் மட்டும் உயரமானோரை எண்ணிவிட்டு, உயரம் குற்றத்துக்குக் காரணம் என்பதை ஒத்தது இது.

பத்திரிகைகள் அதனைப் பற்றிக்கொண்டன. 1966இல் சிக்காகோவில் எட்டுத் தாதியரைக் கொன்ற றிச்சர்ட் ஸ்பெக் ஓர் எக்ஸ்-வை-வை ஆண் என்ற செய்தி 1968இல் பரவியது. அவர் எக்ஸ்-வை என்பதே பரிசோதனையின் முடிவு. கொலைகாரரின் நிறமூர்த்தங்கள் பெரும்பாலான ஆண்களின் நிறமூர்த்தங்களையே ஒத்திருந்தன. எனினும் மறுப்பைக் காட்டிலும் வதந்தியே நீண்டகாலம் வாழ்ந்தது, பாடநூல்களிலும் புகுந்தது. பொஸ்ரன் நகரிற் புதிதாய்ப் பிறந்த ஆண் சிசுக்களைப் பரிசோதித்து, எண் வேறுபட்டோரைத் தொடர்ந்து அவதானிக்கும் திட்டம் ஒன்று 1968 முதல் நடைபெற்றது. தம் பிள்ளை குற்றவாளியாகக் கூடும் என்ற எண்ணத்துடன் வளர்க்கும் பெற்றோர், அவ்வெண்ணத்தாலேயே பிள்ளையைக் கெடுத்துவிடுவர் என ஏனைய விஞ்ஞானிகள் சிலர் கண்டித்தனர். 1975இல் அப்பரிசோதனை கைவிடப்பட்டது.

1976இல் வெளியான டென்மார்க் ஆய்வு முறைப்படி நிகழ்த்தப்பட்டது. கொப்பன்ஹேகனிற் பிறந்த உயரமான ஆண்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் 12 எக்ஸ்-வை-வை ஆண்களையே கண்டனர். அவர்களுள் ஐவருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது. இவ்வீதம் ஏனையோரினும் கூடியதே; அதனை மறைத்தல் நேர்மை ஆகாது. ஆனால் அக்குற்றங்கள் பெரும்பாலும் சிறியவை. வன்முறை சார்ந்தவை அல்ல. மேலதிக வை மனிதனை வன்முறையாளனாக்குகின்றது என்பதற்கு ஆய்வாளர்கள் ஆதாரம் காணவில்லை. அறிவுச் சோதனைகளிற் பெற்ற குறைந்த புள்ளிகளுடனேயே அவ்வேறுபாட்டை அவர்கள் தொடர்புபடுத்தினர். "குற்ற நிறமூர்த்தம்" என்ற கருத்து இவ்வாறு சரிந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பலர் அதன் நிழலில் வாழ வேண்டியதாயிற்று.

6

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். சொற்களைத் திருத்துவதால் யாது பயன்? உடலிற் குறை உண்மையானதே. அன்புச்சொல் கூறி அதனை மறைக்கலாமா? இவ்வினா நேர்மையானது; இதற்கு நேர்மையான விடை வேண்டும்.

டவுண் நிலை வெறும் சொல் அன்று. அப்பிள்ளைகளில் ஏறத்தாழ அரைப்பங்கினர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். கற்றல் தாமதப்படும், தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறுகளும் செவிக்குறைகளும் கூடுதலாக ஏற்படும். முதுமறதி நோய் முன்கூட்டியே வரும். இவற்றை மறுப்பது பெற்றோரை ஏமாற்றுவதாகும். ஆனால் குறையின் எந்தப் பங்கு நிறமூர்த்தத்தினது, எந்தப் பங்கு தீர்ப்பினது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் டவுண் நிலையுடையோரின் சராசரி ஆயுள் 1983இல் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது ஏறத்தாழ 60 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் 21ஆம் நிறமூர்த்தம் மாறவில்லை. மாறியவை, இருதயச் சத்திரசிகிச்சை மறுக்கப்படாமை, காப்பகங்களில் தள்ளிவிடாது வீட்டில் வளர்த்தமை, பாடசாலைக்கு அனுப்பியமை ஆகியனவே. அங்ஙனமாயின், முன்னைய தலைமுறையினர் இழந்த முப்பத்தைந்து ஆண்டுகளைக் கவர்ந்தது எது? நிறமூர்த்தம் என்று கூற இயலாது. "எப்படியும் இறந்துவிடும் பிள்ளை" என்ற தீர்ப்பே சிகிச்சையைத் தடுத்தது. சிகிச்சையின்மையால் நிகழ்ந்த இறப்பே பின்னர் அத்தீர்ப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

1982 ஏப்பிரலில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டவுண் நிலையுடன் ஒரு சிசு பிறந்தது. அதன் உணவுக்குழாய் இரைப்பையுடன் இணைந்திருக்கவில்லை. அக்குறை சத்திரசிகிச்சையாற் சீர்செய்யத்தக்கது. பெற்றோர் அதற்கு உடன்படவில்லை. நீதிமன்றமும் அம்முடிவை ஏற்றது. ஆறு நாட்களில் அச்சிசு இறந்தது. டவுண் நிலை இல்லாத சிசுவாயின் அச்சிகிச்சை கேள்வியின்றிச் செய்யப்பட்டிருக்கும். ஆகவே அச்சிசுவைக் கொன்றது உணவுக்குழாயின் குறை மட்டும் அன்று. இச்சம்பவத்தால் எழுந்த கண்டனத்தின் பயனாக 1984இல் அந்நாட்டில் இத்தகைய சிசுக்களைக் காக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது.

மற்றொரு தவறும் உண்டு. இரக்கமுள்ளோர் செய்வது அது. ஸ்பெயினின் பப்லோ பினேதா டவுண் நிலையுடன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 2009இல் சான் செபஸ்தியான் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகருக்கான விருதும் பெற்றார். இவரைக் காட்டி, "பாருங்கள், இவர்களும் சாதிக்கின்றனர்" என்பர். அவரது வெற்றி போற்றத்தக்கதே. எதிர்பார்ப்பின் வரம்பு எத்துணைப் பொய்யானது என்பதை அது காட்டுகின்றது. ஆனால் பட்டம் பெற்றமையினாலேயே அவர் மதிப்புடையவர் என்றால், எழுத்துக்கூட்டவும் இயலாத மற்றொருவர் மதிப்பற்றவர் என்றாகிவிடும். பட்டத்தால் மனிதரை அளப்பது, நிறமூர்த்தத்தால் அளப்பதினும் மேலானது அன்று. அளவுகோல் மாறியது, அளக்கும் ஆணவம் மாறவில்லை.

7

இவையெல்லாம் மருத்துவ பீடத்தாரின் அலுவல், கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன உண்டு எனச் சிலர் கூறலாம். நிறமூர்த்தத்தை எண்ணுவது மருத்துவத்தின் அலுவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணியதற்குப் பெயரிடுவது மொழியின் அலுவல். அப்பெயர் ஒரு குடும்பத்தை என்ன செய்கின்றது என அறிவது சமூகவியலின் அலுவல். அது முன்னர் என்ன செய்தது என நினைவூட்டுவது வரலாற்றின் அலுவல். ஏள்ஸ்வூட்டில் தோன்றிய தவறு நுணுக்குக்காட்டியில் தோன்றியது அன்று, சொல்லில் தோன்றியது. "மந்தம்", "விசர்", "குறைப்பிள்ளை" என அயலில் வழங்கும் சொற்களும் அதே வகையின. டவுண் நிலையை நோய் என்பதுகூடப் பொருந்தாது. அது பிறரிடமிருந்து தொற்றுவதோ, மருந்தால் நீங்குவதோ அன்று. உடலின் ஒரு நிலை. தமிழில் நல்லதொரு சொல்லை ஆக்கி வழங்குதல் தமிழ்ப் பயிற்சியுடையோரின் கடமை ஆகும்.

புதிய பரிசோதனைகள் இக்கடமையை மேலும் அவசரமாக்கியுள்ளன. தாயின் இரத்தத்தில் மிதக்கும் கருவின் மரபுப்பொருளை ஆராய்ந்து, 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருக்கக்கூடுமா என்பதைக் கருவின் பத்தாம் வாரமளவிலேயே கணிக்கும் முறை 2011 முதல் உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளது. அதன்பின் எடுக்கப்படும் முடிவு அப்பெண்ணுக்குரியது. அவளுக்குக் கட்டளையிடும் உரிமை பிறருக்கு இல்லை. ஆனால் அம்முடிவை எடுக்குமுன் அவளுக்குச் சொல்லப்படுவது யாது? அறுபது ஆண்டு வாழ்வைப் பற்றியா, அல்லது பழைய காப்பகத்தைப் பற்றியா? பரிசோதனை இந்நூற்றாண்டினதாகவும் விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டினதாகவும் இருக்குமாயின், அவளுக்கு அளிக்கப்பட்டது சுதந்திரம் அன்று.

இலங்கையில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கின்றது. இங்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அப்பிள்ளை பிறந்தே தீரவேண்டும் என்று தாயிடம் கூறும் சமூகம், பிறந்த பின்னர் அதனைப் பார்க்க விரும்புவதில்லை. பிறப்பைச் சட்டத்தாற் கட்டாயமாக்கிவிட்டு, வாழ்வைத் தாயின் தனிச்சுமையாக விட்டுவிடுவது அறம் ஆகாது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தொழிலுக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் பாரபட்சம் காட்டலைத் தடைசெய்கின்றது. சட்டம் பாடசாலையின் கதவைத் திறக்கலாம். வீட்டின் உள்ளறைக் கதவைத் திறக்க அதனால் இயலாது. அக்கதவின் திறப்பு அயலாரின் நாவில் இருக்கின்றது.

மனிதக் கலத்தின் எண்ணைத் திருத்துவதற்கு முப்பது ஆண்டுகளும் பொறுமைமிக்க இரண்டு கண்களும் தேவைப்பட்டன. நூலிற் சொல்லப்பட்டதை ஒதுக்கிவிட்டு, எதிரில் இருப்பதை உள்ளபடி கண்டதே சியோவின் பெருமை. நிறமூர்த்தத்துக்குச் செய்யப்பட்ட அந்த நீதியை அதனைத் தாங்கிய பிள்ளைக்கும் செய்தல் வேண்டும். அடுத்த முறை விருந்தினராக ஒரு வீட்டுக்குச் செல்வோர், அங்குள்ள பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிக்கட்டும். உள்ளறையில் இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு.